பேய்க்குப் பயமில்லை, புகைக்குத்தான் பயம்!



பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு என் வீட்டில் வைத்து நேர்ந்த ஒரு விபத்தைப் பற்றி எழுதுகிறேன். நம் வீட்டுக் குறையை நாமே ஊருக்குச் சொல்வதா என்று பல நாள் தயங்கினேன். "நீ எழுதினா இன்னும் நாலு வீட்டுப் புள்ளைங்க தப்பிக்கும், எழுது" என்று என் மாமியார் சொன்ன பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

நாங்கள் இருப்பது துவாக்குடியில். என் கணவருக்கு பாய்லர் உதிரி பாகங்கள் செய்யும் பட்டறையில் வேலை. வீட்டில் மாமியார், ஒன்பதாவது படிக்கும் மகள், நான். 2025 அக்டோபரில், தீபாவளிப் பலகாரம் தீரும் முன்பே என் மகள் ஆரம்பித்தாள். "அம்மா, 31ஆம் தேதி ஹாலோவீன் வருது. என் ஃப்ரெண்ட்ஸை எல்லாம் கூப்பிட்டுப் பார்ட்டி வைக்கணும். பேய் காக்டெய்ல் பண்ணித் தரியா?"

'காக்டெய்ல்' என்ற வார்த்தை காதில் விழுந்ததும் என் கணவருக்குக் காபி புரையேறிவிட்டது. "ஐயோ அப்பா, சாராயம் எல்லாம் கிடையாது. பழச்சாறு, சர்பத்து, சோடா இதுல பண்றது. அதுக்கு மாக்டெய்ல்னு பேரு" என்று அவள் விளக்கம் சொன்னாள். டம்ளரில் ரத்தம் வழிவது போல இருக்க வேண்டுமாம். உள்ளே கண்முழி மிதக்க வேண்டுமாம். மேலே புகை வர வேண்டுமாம்.

என் மாமியார் காதில் 'பேய்' மட்டும்தான் விழுந்தது. "31ஆம் தேதி என்ன கிழமை? வெள்ளிக்கிழமையும் அதுவுமா, விளக்கு வச்ச நேரத்துல, பேயை வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிடப் போறீங்களா?" என்று பிடித்துக்கொண்டார். 2024இல் தீபாவளியே அக்டோபர் 31இல் வந்ததால் இந்தப் பேச்சே எழவில்லை. இந்த முறை மாட்டிக்கொண்டேன்.

சமாதானம் செய்து வைத்தது பக்கத்து வீட்டுத் தங்கைதான். அவர்கள் கிறிஸ்தவக் குடும்பம். "பாட்டி, நவம்பர் 1 எங்களுக்குப் புனிதர் எல்லாருக்கும் உள்ள திருநாள். அதுக்கு முந்தின ராத்திரிதான் இந்த ஹாலோவீன். மறுநாள் 2ஆம் தேதி கல்லறைத் திருநாள். நாங்க கல்லறையைச் சுத்தம் பண்ணி, பூ வச்சு, மெழுகுவத்தி ஏத்துவோமே, நீங்க பாத்திருப்பீங்க. அயர்லாந்துப் பக்கம் அந்த ராத்திரியில ஆவிங்க வரும்னு நம்பி, கிழங்கைக் குடைஞ்சு விளக்கு வச்சாங்களாம். அங்கேருந்து அமெரிக்காவுக்குப் பொழைக்கப் போனவங்க பூசணிக்காய்க்கு மாறிட்டாங்க. நாங்க அதையெல்லாம் செய்யறதில்லை" என்றாள்.

மாமியார் கொஞ்ச நேரம் யோசித்தார். "செத்தவங்களை நினைச்சுக்கறதுதானே? நாமளும் அமாவாசைக்கு அம்மா மண்டபத்துல எள்ளும் தண்ணியும் இறைக்கிறோம். பூசணிக்காயும் நமக்குப் புதுசு இல்லை. ஆயுத பூசைக்குக் குங்குமத்தைப் போட்டு நடு ரோட்டுல உடைக்கிறோம். அவங்க உடைக்காம விளக்கு வைக்கிறாங்க. அது தேவலை, வண்டி வழுக்காது!" என்றார். ஆனால் வெள்ளிக்கிழமை மட்டும் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சரி என்று நவம்பர் 1, சனிக்கிழமை சாயங்காலம் வைத்துக்கொண்டோம்.

வீட்டில் பிள்ளைகள் எட்டுப் பேர். பக்கத்து வீட்டுத் தங்கையின் நாலு வயதுப் பையனும் வந்திருந்தான். அவள் எனக்கு ஒத்தாசையாக அடுப்படியில் வாழைக்காய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள். நான் எலுமிச்சைச் சாற்றில் கலர் பொடி கலந்து ஒரு பெரிய ஜாடியில் வைத்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்து என் கொழுந்தன் மகன் பெங்களூரிலிருந்து விடுமுறைக்கு வந்தவன், கையில் தெர்மாகோல் பெட்டியோடு வந்து நின்றான். "பெரியம்மா, புகை வேணும்னு பாப்பா கேட்டாளே. டிரை ஐஸ் வாங்கிட்டு வந்திருக்கேன், பாருங்க" என்றான். விற்றவர் ஒரு வார்த்தை எச்சரிக்கவில்லை. பெட்டியிலும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

இடுக்கியால் ஒரு கட்டியை எடுத்து ஜாடிக்குள் போட்டான். குபுகுபுவென்று வெள்ளைப் புகை பொங்கி, ஜாடியின் வாயில் வழிந்து, மேஜையெல்லாம் பரவியது. பிள்ளைகள் கை தட்டிக் குதித்தார்கள். நானும்தான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன். ஆனால் பெட்டியின் மூடி திறந்தே கிடந்ததை யாரும் கவனிக்கவில்லை.

திடீரென்று அந்தப் பொடியன் அலறினான். கற்கண்டு அளவுக்கு ஒரு துண்டை ஐஸ் கட்டி என்று எடுத்து வாயில் வைத்திருக்கிறான். நல்ல வேளையாக அது உள்ளே போகவில்லை. கீழ் உதட்டில் ஒட்டிக்கொண்டது. என் கொழுந்தன் மகன் பிடுங்கப் போனான். "பிய்க்காதே, தோலோட வந்துடும்!" என்று மாமியார் கத்திவிட்டு, பிளாஸ்கில் இருந்த வெந்நீரைப் பச்சைத் தண்ணீரில் விளாவி, வெதுவெதுப்பாக உதட்டில் ஊற்றினார். துண்டு கழன்று விழுந்தது. உதடு வெளுத்துப் போய், கொஞ்ச நேரத்தில் சூடு பட்டது போலக் கொப்புளித்துவிட்டது. இரண்டு விரல் நுனியிலும் அப்படியே.

பஜ்ஜிக் கரண்டியோடு ஓடி வந்த அந்தத் தாயின் முகத்தை நான் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் பார்த்துவிட்டு, "இது குளிரால வந்த புண். ஆறிடும். ஆனா, இதை முழுங்கியிருந்தான்னா கதையே வேற. தொண்டையும் வயிறும் இதே மாதிரி வெந்து போயிருக்கும்" என்றார். எனக்குக் கால்கள் நடுங்க ஆரம்பித்துவிட்டன. பார்ட்டி அத்தோடு முடிந்தது. பிள்ளைகளை எல்லாம் என் கணவர் அவரவர் வீட்டில் கொண்டுபோய் விட்டார்.

அன்று இரவு என் கணவர் சொன்ன பிறகுதான் டிரை ஐஸ் என்றால் என்னவென்றே எனக்குப் புரிந்தது. பெயரில்தான் ஐஸ். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. "எங்க பட்டறையில வெல்டிங்குக்கு சிலிண்டர்ல வருதே, அதே கார்பன் டை ஆக்ஸைடு. அதைக் கட்டியாக்கினதுதான் இது" என்றார். நம் வீட்டுப் பிரிட்ஜின் ஃப்ரீசர் பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி. இது பூஜ்யத்துக்குக் கீழே 78 டிகிரி! தோலில் பட்டால் நெருப்பு பட்டது போலத்தான். இது உருகித் தண்ணீராக ஆகாது, நேராக வாயுவாகவே போகும். ஒரு கிலோ கட்டியிலிருந்து 500 லிட்டருக்கு மேல் வாயு வரும். அதனால்தான் இதைப் பாட்டிலில் போட்டு மூடினால் பாட்டில் வெடிக்கிறது. இந்த வாயு காற்றைவிடக் கனம். கதவு ஜன்னலை அடைத்த அறையில் தரையோடு தங்கும். பெரியவர்களுக்குத் தெரியும் முன்பே, தரையில் தவழும் குழந்தைக்கு மூச்சு முட்டிவிடும். பட்டறையில் மூடின தொட்டிக்குள் இறங்கும் முன் காற்று இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். நாம் அதே வாயுவைக் கூடத்தில் வைத்துக் கை தட்டியிருக்கிறோம்.

என் மகள் அழுதுகொண்டே பழைய செய்திகளைத் தேடிப் படித்துக் காட்டினாள். 2024 மார்ச்சில், டெல்லிக்குப் பக்கத்தில் குருகிராமில் ஒரு உணவகத்தில், சாப்பிட்ட பிறகு வாய் மணக்கக் கொடுப்பதற்குப் பதிலாக டிரை ஐஸைக் கொடுத்துவிட்டார்கள். ஐந்து பேர் வாயிலிருந்து ரத்தம் வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள்.

இதற்கு அண்ணன் ஒன்று இருக்கிறது. திரவ நைட்ரஜன். பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி. பொருட்காட்சியில் பிள்ளைகள் வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் புகை விடுகிறார்களே, அந்த ஸ்மோக் பிஸ்கட் இதில் நனைத்ததுதான். 2012இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் நகரில், தன் 18ஆவது பிறந்த நாளைக் கொண்டாடப் போன ஒரு பெண், இதை ஊற்றிய புகை காக்டெய்லைக் குடித்தாள். அவளுடைய இரைப்பையையே எடுக்க வேண்டியதாயிற்று. கர்நாடகத்தில் 2024இல் தாவணகெரேயில் ஸ்மோக் பிஸ்கட் தின்ற ஒரு சிறுவன் துடித்த வீடியோவைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதே சமயம் பெங்களூரில் ஒரு கல்யாண வரவேற்பில் புகை பீடா சாப்பிட்ட 12 வயதுச் சிறுமிக்கு வயிற்றில் ஓட்டை விழுந்து, அறுவை சிகிச்சை செய்தார்கள். 2024 ஏப்ரலில் நம் தமிழக உணவுப் பாதுகாப்புத் துறை, திரவ நைட்ரஜனை உணவோடு நேரடியாகச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது என்று எச்சரித்தது. இந்தச் செய்திகள் வந்தபோது நானும்தான் பார்த்திருப்பேன். நமக்கென்ன என்று பக்கத்தைத் திருப்பியிருப்பேன்!

இனி நல்ல சங்கதிக்கு வருகிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே, அந்தப் பையனுக்கு ஆரத்தி சுற்ற வேண்டும் என்றார் மாமியார். பக்கத்து வீட்டுத் தங்கை ஒன்றும் மறுக்கவில்லை. தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் கரைத்து, அதில் துளி சுண்ணாம்பைப் போட்டார். பளிச்சென்று ரத்தச் சிவப்பாக மாறியது. அதுவரை தேம்பிக்கொண்டிருந்த பொடியன் கண்ணை அகல விரித்து, வீங்கின உதட்டோடு, "பாட்டி, இது ரத்தமா? எப்படிப் பண்ணினீங்க?" என்றான். அவன் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்துவிட்டு அவன் அம்மாவும் சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போதுதான் உறைத்தது. காலம் காலமாக நம் மாமியார்கள் ஆரத்தித் தட்டில் செய்கிற வித்தையைவிடப் பெரிய பேய் வித்தை எது? புகைக்கு எதற்காக அலைந்தோம்? மஞ்சளுக்குச் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும். ஆரத்தித் தண்ணீரைக் குடிக்க முடியாது. ஆனால் குடிக்கக் கூடிய ஒன்று எங்கள் காம்பவுண்டு வேலியிலேயே பூத்துக் கிடந்தது. நீலச் சங்குப்பூ! அதன் சாற்றில் புளிப்பு பட்டால் நீலம் ஊதாவாகி, பிறகு ரோஜா நிறமாகும். கலர் பொடியே வேண்டாம்.

குழந்தைகள் தினத்தை ஒட்டி, நவம்பர் 15 சனிக்கிழமை, அதே பிள்ளைகளை மறுபடி கூப்பிட்டேன். பக்கத்து வீட்டுத் தங்கை அனுப்புவாளோ மாட்டாளோ என்று மனசு அடித்துக்கொண்டது. "அக்கா, என்னென்ன போடறீங்கன்னு முதல்ல நான் பாத்துடறேன்" என்று முன்னதாகவே வந்து என் கூடவே நின்றாள். அவள் கேட்டதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. ஒவ்வொரு தாயும் அப்படித்தான் கேட்க வேண்டும். நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த பானம் இதோ:

பேய் பானம் (10 சின்ன டம்ளருக்கு)

தேவையானவை: நீலச் சங்குப்பூ - 25, தண்ணீர் - ஒன்றேகால் லிட்டர், சர்க்கரை - 200 கிராம், எலுமிச்சம்பழம் - 5, சப்ஜா விதை - 2 தேக்கரண்டி, இளநீர் வழுக்கை - 2 காயிலிருந்து, பன்னீர் திராட்சை - 10, பீட்ரூட் - 1, உப்பு - ஒரு சிட்டிகை, ஐஸ் கட்டிகள் (தண்ணீரில் செய்ததுதான்!).

செய்முறை: பூச்சி மருந்து படாத பூவாகப் பறித்து, பச்சைக் காம்பைக் கிள்ளிவிட்டு அலசவும். தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, பூவைப் போட்டுப் பத்து நிமிடம் மூடி வைக்கவும். மை போல நீலமாக இறங்கும். வடிகட்டி, சர்க்கரையில் 150 கிராமும் உப்பும் கலந்து ஆற வைக்கவும். வெள்ளைச் சங்குப்பூ இதற்கு உதவாது.

பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்து, மீதிச் சர்க்கரையைப் போட்டுச் சின்னத் தீயில் கொதிக்க விடவும். தேன் பக்குவத்துக்கு வந்ததும் இறக்கி ஆற வைக்கவும். இதுதான் 'ரத்தம்'. ஸ்பூனால் எடுத்து டம்ளரின் உள் விளிம்பில் தடவினால் அசல் போலவே வழியும்.

வழுக்கையை வட்டமாக வெட்டி, நடுவில் லேசாகக் குழி செய்து, கொட்டை எடுத்த அரைத் திராட்சையைப் பதித்தால் 'கண்முழி' தயார். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத் திராட்சையை நீளவாக்கில் நறுக்கியே கொடுக்கவும். தொண்டையில் அடைத்துக்கொள்ளும். சப்ஜா விதையை அரை மணி நேரம் தண்ணீரில் நன்றாக ஊற வைத்துப் போட்டால் அதுதான் 'தவளை முட்டை'.

டம்ளரில் ஒரு ஸ்பூன் சப்ஜா, ஐஸ் கட்டி, கண்முழி போட்டு, நீலத் தண்ணீரை முக்கால் டம்ளர் ஊற்றவும். எலுமிச்சைச் சாற்றைத் தனியாக ஒரு சின்னக் கிண்ணத்தில் கொடுங்கள். பிள்ளைகளே ஊற்றட்டும். வேடிக்கையே அதில்தான் இருக்கிறது. சோடாவிலும் லேசான புளிப்பு உண்டு என்பதால், முன்பே சோடா கலந்துவிட்டால் நீலம் கொஞ்சம் மங்கிவிடும். வேண்டுமென்றால் கடைசியில் ஊற்றிக்கொள்ளலாம். கர்ப்பிணிகளும், தொடர்ந்து மருந்து சாப்பிடுகிறவர்களும் சங்குப்பூவை விட்டுவிட்டு, எலுமிச்சைச் சாற்றில் பீட்ரூட் 'ரத்தம்' மட்டும் சேர்த்துக் குடிக்கட்டும்.

புகைக்கு என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். மாமியார் தூபக்காலில் சாம்பிராணி போட்டு, பிள்ளைகள் கை படாத இடத்தில், திறந்த ஜன்னல் ஓரமாக வைத்துவிட்டார். "சாம்பிராணி போட்டா பேய் ஓடிடுமே பாட்டி, அப்புறம் பார்ட்டி எப்படி?" என்று என் மகள் கேட்டதற்கு, "ஓடினா ஓடட்டும். பானத்தை நாம குடிப்போம்" என்றார்.

எல்லாப் பிள்ளைகளும் வட்டமாக உட்கார்ந்து ஒரே நேரத்தில் எலுமிச்சைச் சாற்றை ஊற்றினார்கள். நீலமெல்லாம் ஊதாவாகி, ரோஜாப்பூ நிறமாக மாறியதும் எழுந்த கூச்சல் தெருக்கோடி வரை கேட்டிருக்கும். பொடியன் முதலில் டம்ளருக்குள் கையை விட்டு ஐஸ் கட்டியைத் தொட்டுப் பார்த்தான். பிறகு அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அவள் தலையாட்டியதும்தான் குடித்தான். இரண்டாவது டம்ளரும் கேட்டான். அவன் உதட்டில் புண் ஆறிவிட்டது. சின்னதாக ஒரு வெள்ளைத் தழும்பு மட்டும் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்கிறது.

சகோதரிகளே, ஹாலோவீன் நமக்கு வேண்டுமா வேண்டாமா என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் இந்தப் புகை இப்போது கல்யாண மண்டபம், வளைகாப்பு, பிறந்த நாள் என்று எல்லா இடத்துக்கும் வந்துவிட்டது. மணமக்கள் மேடை ஏறும்போது காலடியில் மேகம் போல விடுகிறார்கள். வரவேற்பு பானத்திலும் போட்டு நீட்டுகிறார்கள். அதனால் நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

புகை வருகிற எந்தப் பானத்தையும், பிஸ்கட்டையும், பீடாவையும் பிள்ளைகள் வாயில் வைக்க விடாதீர்கள். சமையல்காரரிடம் விசேஷத்துக்கு முன்பே, "புகை ஐட்டம் வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். டிரை ஐஸ் பெட்டியைத் திறந்து வைக்காதீர்கள், வெறும் கையால் தொடாதீர்கள், எதிலும் போட்டு இறுக்கி மூடாதீர்கள், அடைத்த அறையிலோ ஜன்னலை ஏற்றிய காரிலோ வைக்காதீர்கள். தோலில் ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல், தேய்க்காமல், வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றுங்கள். விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல், 108க்குப் போன் செய்து ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

முக்கியமாக ஒன்று. நம் வீட்டு விசேஷத்துக்கு வருகிற அடுத்த வீட்டுப் பிள்ளையை, அதன் தாய் நம்மை நம்பித்தான் அனுப்புகிறாள். பார்க்க அழகாக இருக்கிறது என்பதற்காக, என்னவென்று தெரியாத ஒரு பொருளை அந்தப் பிள்ளையின் முன்னால் வைக்க நமக்கு உரிமை இல்லை. இதை நான் அவளிடம் நேரில் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கக்கா, அடுத்த வருஷமும் பண்ணுவோம். ஆனா சங்குப்பூவுல" என்றாள்.

இப்போது இரண்டு வீட்டு வேலியிலும் சங்குப்பூக் கொடி படர்ந்திருக்கிறது.

- ஒரு வாசகி, துவாக்குடி.